கடைசிக் கட்டத்தில் என்ன வைப்பது?

1966 ஜனவரி என்று தேதியிட்ட 'அமேசிங் ஸ்பைடர்-மேன்' 32-ஆம் இதழின் கடைசிப் பக்கத்தை நான் பலமுறை அப்படியே பார்த்து வரைந்திருக்கிறேன். கோடுகளைப் பழகுவதற்காக அல்ல. ஓர் அத்தியாயத்தை எந்த இடத்தில் அறுக்க வேண்டும் என்பதை அதைவிடத் தெளிவாகக் கற்றுத் தரும் பக்கத்தை நான் வேறெங்கும் காணவில்லை.

ஆற்றுக்கு அடியில் இருக்கும் வில்லன் டாக்டர் ஆக்டோபஸின் மறைவிடம் இடிந்து சரிகிறது. ஒரு மலை அளவு இரும்பு இயந்திரம் ஸ்பைடர்-மேன் மேல் விழுந்து அவனை அமுக்கிக் கிடக்கிறது. கூரையில் விரிசல் விட்டுத் தண்ணீர் சொட்டுகிறது. எட்டாத தூரத்தில், கண்ணுக்கு நேராக, ஒரு சிறிய மருந்துக் குப்பி. அவ்வளவுதான், அத்தியாயம் முடிந்தது.

இதில் அவன் செத்துவிடுவானோ என்ற பயம் யாருக்கும் வராது. புத்தகத்தின் பெயரே அவன் பெயர். அடுத்த மாதமும் கடைக்கு வரத்தான் போகிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும். அப்படியிருந்தும் அந்தப் பக்கம் நெஞ்சைப் பிடிக்கிறதென்றால், காரணம் அந்தக் குப்பி. மருத்துவமனையில் கிடக்கும் மே அத்தையின் உயிர் அதற்குள் இருக்கிறது. அத்தையின் உடம்புக்குள் விஷமாகப் போனதோ பீட்டர், அதாவது முகமூடிக்குள் இருக்கும் ஸ்பைடர்-மேன், முன்பு தானமாகக் கொடுத்த அவனுடைய கதிரியக்கம் கலந்த ரத்தம்தான். மாமாவைக் காப்பாற்றாமல் விட்டவன், இப்போது அத்தையைத் தன் ரத்தத்தாலேயே கொல்லப் போகிறான் என்ற நிலை. மேலே கிடக்கும் இரும்பின் கனத்தைவிட இது பெரிய கனம். பிழைப்பானா என்பதை விட்டுவிட்டு, நேரத்துக்குப் போய்ச் சேர்வானா, சேராவிட்டால் அதற்குப் பிறகு அவன் யாராக இருப்பான் என்று வாசகன் கேட்க ஆரம்பித்துவிடுகிறான்.

அந்த இதழ்களில் கதையமைப்பும் ஓவியமும் ஸ்டீவ் டிட்கோ, வசனம் ஸ்டான் லீ. இயந்திரத்துக்கும் குப்பிக்கும் நடுவே டிட்கோ விட்டிருக்கும் வெறும் தரையைக் கவனித்துப் பாருங்கள். குப்பியைக் கைக்கு அருகே வரைந்திருந்தால் அது வெறும் தடங்கல். கண்ணுக்கே தெரியாமல் மறைத்திருந்தால் அது வெறும் செய்தி. கண்ணுக்கு எட்டுகிறது, கைக்கு எட்டவில்லை. அந்த இடைவெளிதான் 'தொடரும்' என்ற சொல்லுக்கு உயிர் கொடுக்கிறது.

இதை இத்தனை தூரம் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. நானும் என் தம்பியும் சேர்ந்து ஒரு சூப்பர்ஹீரோக் கதையை அத்தியாயம் அத்தியாயமாகச் செய்துகொண்டிருக்கிறோம். அவன் எழுதுகிறான், நான் வரைகிறேன். தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத்தில் கூலிக்குப் போகும் லட்சுமிதான் எங்கள் நாயகி. கடல்நீரைத் தொட்டால் அது அந்த நொடியே உப்புப் பாறையாக இறுகிவிடும். ஆனால் அவள் உடம்பில் இருக்கும் உப்பும் அதோடு சேர்ந்து கரைந்து போகும். ஒவ்வொரு முறையும் கை கால் வெட்டி இழுக்கும். இப்போது முடிக்க வேண்டியது, கரையை உடைத்துக்கொண்டு இரவில் கடல் உள்ளே வரும் அத்தியாயம்.

தம்பி எழுதி வந்த முடிவில், உப்பளத்து மோட்டார் அறைக்கு அடியில் ஒரு குண்டு இருந்தது. கடிகாரம் ஐந்து, நான்கு, மூன்று என்று இறங்குகிறது. தொடரும்.

"குண்டு வெடிக்காது என்று படிக்கிறவனுக்குத் தெரியும்டா," என்றேன்.

"தெரிந்தால் என்ன அக்கா? எப்படித் தப்பிப்பாள் என்று தெரியாதே. அந்த 'எப்படி'க்காகத்தானே அடுத்ததை எடுப்பான்?"

அவன் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. நாங்கள் காமிக்ஸ் படித்து வளர்ந்ததே அந்த 'எப்படி'யில்தான். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் முதல் இதழாக வந்த 'இரும்புக்கை மாயாவி'யை அப்பா பத்திரமாக வைத்திருந்தார். இங்கிலாந்தில் 1962-இல் தொடங்கிய 'வேலியன்ட்' வார இதழில் வாரம் சில பக்கங்கள் மட்டுமாக வந்த தொடர் அது. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து எஃகுக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும் ஆள். தமிழில் ஒரே புத்தகமாகச் சேர்த்துப் படிக்கும்போது, சில பக்கங்களுக்கு ஒருமுறை கதை ஏன் ஓர் ஆபத்தில் தூக்கிப் போடுகிறது என்று சிறுவயதில் எனக்குப் புரியவில்லை. ஒவ்வொரு தூக்கலும் ஒரு வாரத்தின் முடிவு. அடுத்த சனி ஞாயிறுக்குள் பையன் கையில் இருக்கும் காசு வேறு இதழுக்குப் போய்விடாமல் கட்டிப் போடும் கயிறு. சில பக்கத்துக்கு அந்த 'எப்படி' போதும். வாரம் ஒன்றுதானே, தாங்கும். ஒரு முழு அத்தியாயத்தைப் படித்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கப் போகிறவனுக்கு அது பற்றாது. இரண்டாவது நாளே குண்டு மறந்துவிடும்.

குண்டை வைத்தே மிகப் பெரிய சத்தம் எழுப்பிய முடிவு ஒன்றும் இருக்கிறது. 1988-இல் 'பேட்மேன்' 427-ஆம் இதழ். வில்லன் ஜோக்கர் இரும்புக் கடப்பாரையால் பேட்மேனின் துணைவன் ராபினை, அதாவது இரண்டாவது ராபினான ஜேசன் டாட் என்ற பையனை, அடித்துப் போட்டுவிட்டுக் குண்டை வைத்துப் போகிறான். கிடங்கு வெடிக்கிறது. ராபின் பிழைக்க வேண்டுமா, சாக வேண்டுமா என்று வாசகர்களையே கேட்டு இரண்டு தொலைபேசி எண்களைக் கொடுத்தார்கள். ஓர் அழைப்புக்கு 50 சென்ட். சாகட்டும் என்று 5,343, பிழைக்கட்டும் என்று 5,271. வெறும் 72 அழைப்புகளில் ஒரு பையனின் கதை முடிந்தது. இரண்டு விதமாகவும் பக்கம் தயாராக இருந்ததாம்.

விற்பனைக்கு இதைவிடப் பெரிய தந்திரம் கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கதை சொல்கிறவளாக எனக்கு இதில் உடன்பாடே இல்லை. கடைசிக் கட்டத்தில் எழும் கேள்வி அந்தக் கதைக்குள் இருக்கும் ஒருவரைப் பார்த்துக் கேட்கப்பட வேண்டும். இங்கே கேள்வி வெளியே போய்விட்டது. ஜேசன் என்ன செய்தான், என்ன தேர்ந்தெடுத்தான் என்பதற்கும் அவன் சாவதற்கும் நடுவே ஒரு தொலைபேசி நிலையம் வந்து உட்கார்ந்துகொண்டது. தன்னைப் பெற்ற தாயைத் தேடிப் போய், அவளாலேயே காட்டிக் கொடுக்கப்பட்டு, அப்படியும் கடைசியில் அவளைக் காப்பாற்ற முயன்ற பிள்ளை அவன். அந்த முயற்சி ஒன்றே ஓர் அத்தியாய முடிவுக்குப் போதுமான கனம் உள்ளது. வாக்குச் சத்தத்தில் அதை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

இதற்கு நேர் எதிராக, ஆபத்தையே திருப்பிப் போட்ட ஒரு முடிவு எனக்கு மிகப் பிடிக்கும். 1980 ஏப்ரல், 'எக்ஸ்-மென்' 132. எதிரிகளின் கூடாரமான ஹெல்ஃபயர் கிளப்பில் எக்ஸ்-மென் குழுவின் கூட்டாளிகள் எல்லோரும் பிடிபட்டாயிற்று. தளத்தையே உடைத்துக்கொண்டு கீழே போன, அதே குழுவைச் சேர்ந்த வுல்வரின் செத்தான் என்று எதிரிகள் நினைக்கிறார்கள். கடைசியில் சாக்கடைத் தண்ணீருக்குள்ளிருந்து அவன் எழுகிறான். இனி என் முறை என்கிறான். எழுதிய கிளேர்மான்ட்டும் வரைந்த பர்னும் அங்கே நம்மைப் பயமுறுத்தவே இல்லை. வில்லன்களுக்காக நம்மைப் பயப்பட வைக்கிறார்கள். அத்தனை அத்தியாயங்களாகக் கூட்டத்தில் ஒருவனாக அடக்கி வைக்கப்பட்டிருந்த ஒருவன், தடுக்க யாருமில்லாமல் தனியாக விடப்பட்டால் என்ன செய்வான்? அந்தக் கேள்வி அவன் குணத்திலிருந்தே பிறக்கிறது.

ஆகவே தம்பியின் குண்டை எடுத்துவிட்டோம். ஆனால் கரை உடைப்பு இருக்கிறது. அதை அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்துக்கு இரண்டு பக்கம் முன்னாலேயே லட்சுமி அடைத்துவிடுகிறாள். இதில் நான் பிடிவாதமாக இருந்தேன். வாசகன் எதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தானோ, அதற்கு அந்த அத்தியாயத்திலேயே பதில் கிடைக்க வேண்டும். கரை நின்றது, தூங்கிக்கொண்டிருந்த பெண்கள் பிழைத்தார்கள். அவன் மூச்சை விடுகிற அந்த இடத்தில்தான் அடுத்த கேள்வியை வைக்க வேண்டும்.

கடைசிப் பக்கத்தை இடப்பக்கமாக வரும்படி அமைத்தேன். வலப்பக்கத்தில் வைத்தால், எதிர்ப்பக்கத்தைப் படிக்கும்போதே கண் ஓரமாக அதை எட்டிப் பார்த்துவிடும். ஒளித்து வைத்தது வீணாகப் போகும். தாளைப் புரட்டினால்தான் தெரிய வேண்டும். இதற்காக முன்னால் ஓர் உப்பு அம்பாரக் காட்சியை ஒரு பக்கம் நீட்டினேன், அதுவும் நல்லதாகவே போயிற்று. கைபேசியில் கீழ்நோக்கித் தள்ளிப் படிக்கிறவர்களுக்குப் புரட்டும் பக்கம் இல்லை. அவர்களுக்கான வடிவத்தில் அதே வேலையை வெறும் கறுப்பு இடைவெளி செய்கிறது: ஒரு திரை அளவுக்கு எதுவும் வரையாமல் விட்டுவிட்டு அதன் பிறகு படம்.

பக்கத்தில் நான்கு கட்டங்கள். முதலில் அகலமாக, நிலா வெளிச்சத்தில் வெண்மையாக நிற்கும் உப்புச் சுவர். அடுத்து அவள் விரல்கள் மட்டும், இழுத்துக்கொண்டு நடுங்குகிறபடி. மூன்றாவதில் பின்னாலிருந்து ஒரு டார்ச் வெளிச்சம் அவள் முதுகில் விழுகிறது. நான்காவதில், முகத்தில் கட்டியிருந்த துணி நனைந்து நழுவிய நிலையில் அவள் திரும்பிப் பார்க்கிறாள். டார்ச்சைப் பிடித்திருப்பவன் அவளுடைய அண்ணன் மாரியப்பன். கரையை உடைக்கச் சொன்ன முதலாளியிடம் காவல்காரன். அந்த மர்மப் பெண்ணைப் பிடித்துக் கொடுத்தால் கடனைத் தள்ளிவிடுகிறேன் என்ற வாக்கை நம்பி இரவெல்லாம் அலைபவன்.

அவன் முகத்தைக் காட்டலாமா என்று இரண்டு பேரும் நீண்ட நேரம் வாதாடினோம். காட்டினால் அவன் என்ன முடிவெடுக்கப் போகிறான் என்பதை நான் வரைந்துவிட்டவளாவேன். கண்ணும் வாயும் பொய் சொல்லாது. ஆகவே அவன் முகம் இல்லை. அவளுடைய முகம் மட்டும். அவன் குரல் கட்டத்துக்கு வெளியிலிருந்து ஒரே ஒரு வசன பலூனாக வருகிறது: "லட்சுமி?"

தம்பி முதலில் அந்தப் பலூனில் இரண்டு வரி எழுதியிருந்தான். 'நீயா இத்தனை நாளாக எங்களை ஏமாற்றிக்கொண்டிருந்தாய்' என்பது போல. நம்முடைய வினைச்சொற்கள் நீளமானவை. பலூன் பெருத்து அவள் கன்னத்தை மறைத்தது. அதைவிடப் பெரிய தொந்தரவு, அந்த இரண்டு வரியும் அண்ணனின் முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டது. பெயரை மட்டும் விட்டதும் கட்டம் மூச்சு விட்டது. 'தொடரும்' என்ற சொல்லையும் அந்தக் கட்டத்துக்குள் வைக்காமல் பக்கத்தின் கீழ் வெள்ளை ஓரத்துக்கு இறக்கினேன். படத்துக்குள் இருந்தால் அதுவும் ஒரு வசனமாகி, அண்ணனின் குரலுக்குப் பக்கத்தில் நின்று போட்டி போடும்.

இப்போது தம்பி அடுத்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு நான் போட்டிருக்கும் நிபந்தனை ஒன்றே ஒன்று: மாரியப்பன் டார்ச்சை அணைத்துவிட்டுப் போய்விட்டான் என்று இரண்டு கட்டத்தில் முடிக்கக் கூடாது. 'ஸ்பைடர்-மேன்' 33-ஆம் இதழில் டிட்கோ அந்த இரும்பைத் தூக்க வைக்கப் பல பக்கங்கள் எடுத்துக்கொண்டார். ஒரே செயல், தூக்குகிறான், முடியவில்லை, அத்தையை நினைக்கிறான், மறுபடியும் தூக்குகிறான். கட்டங்கள் மெல்ல மெல்லப் பெரிதாகி, இயந்திரம் அவன் தலைக்கு மேல் எழும்போது முழுப் பக்கத்தையும் எடுத்துக்கொள்கிறது. முந்தின மாதம் கொடுத்த வாக்கை அப்படி நிறைவேற்றினார்கள். அண்ணனும் தங்கையும் அந்த வரப்பில் எதிரெதிரே நின்று பேசட்டும். கடன் எவ்வளவு என்று அவன் சொல்லட்டும். அவள் கை இன்னும் நடுங்கிக்கொண்டிருக்கட்டும். அதற்கு நான்கு பக்கம் வேண்டுமென்று தம்பி கேட்கிறான். ஐந்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.