ரேம் 87 சதவீதம்: ஒரு மாங்காய் சீசனில் கற்றது

மாங்காய் சீசன் வந்தால் கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் ஓய்வு கிடையாது. அண்ணன் கொண்டுவரும் லோடு எடைச் சீட்டுகளை எக்ஸெலில் ஏற்றுவது என் வேலை. இந்த முறை எக்ஸெலோடு குரோமில் பத்து டேப் திறந்தாலே மவுஸ் நகர மறுத்தது. "என்னடா, மாடு படுத்துடுச்சா?" என்று அண்ணன் தினமும் கேட்பார்.

எங்கள் கம்ப்யூட்டரில் 4 ஜி.பி. டி.டி.ஆர்.4 ரக ரேம் (ஓடும் புரோகிராம்கள் தங்கும் தற்காலிக நினைவகம்), 1 டி.பி. ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி எது எவ்வளவு ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். மெமரி 87 சதவீதம். பயந்துபோய், ரேமைக் காலி செய்து தருவதாகச் சொல்லும் இலவச ரேம் கிளீனர் ஒன்றைப் போட்டேன். பட்டனைத் தட்டியதும் 52 ஆனது. ஆனால் அடுத்து எக்ஸெலைத் தொட்டால் முன்னைவிட மோசம். ரேமில் இருந்ததை அந்தக் கிளீனர் வெளியே தள்ளிவிட்டது. எக்ஸெல் கேட்டபோது எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து திரும்பத் தூக்கிவர வேண்டியிருந்தது. அன்றைக்கே அழித்துவிட்டேன்.

அப்புறம்தான் மெமரி பக்கத்தில் கீழே இருந்த 'கமிட்டட்' என்ற வரி கண்ணில் பட்டது: 6.8/8.9 ஜி.பி. ரேமில் விண்டோஸுக்குக் கிடைப்பதோ 3.9. அதாவது புரோகிராம்களுக்கு ரேமின் கொள்ளளவைத் தாண்டி வாக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்துக்கு ஹார்ட் டிஸ்க்கில் ரேமுக்கு மாற்றிடமாக ஒதுக்கிய பேஜ் ஃபைலை நம்பி விண்டோஸ் ஓடுகிறது. டிஸ்க் வரைபடமும் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. ரேமிலிருந்து ஒன்றை எடுக்க ஏறக்குறைய 100 நானோ நொடி. சுழலும் டிஸ்க்கில் முள் நகர்ந்து தேடி எடுக்க 10 மில்லி நொடி. லட்சம் மடங்கு வித்தியாசம். முதலாவது ஒரு நொடி என்று வைத்துக்கொண்டால் இரண்டாவது ஒரு நாளுக்கு மேல்! மாடு ஏன் படுக்காது?

ரவுண்டானா பக்கம் ஒரு கடையில் பழைய 8 ஜி.பி. ரேம் ஸ்டிக் ஒன்றை, இருக்கும் 4 ஜி.பி.யோடு சேர்க்க வாங்கினேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினெட் தகரத்தைத் தொட்டுக்கொண்டு மாட்டினேன். ஆன் செய்தால் திரை கருப்பு, பீப் சத்தம் மட்டும். கையெல்லாம் வேர்த்துவிட்டது. மறுபடி கழற்றி, தங்க நிறப் பற்களை மகளின் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, இரண்டு ஓரமும் 'டக்' என்று பூட்டும்வரை அழுத்தினேன். வந்துவிட்டது.

இப்போது வாங்கியதன் வேகம் 2666, முதலிலேயே இருந்ததன் வேகம் 2400. டாஸ்க் மேனேஜர் காட்டிய வேகம் 2400. இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கிவிடும். எனக்கு அது பொருட்டில்லை; ஸ்டிக்கின் வேகத்தைவிட இடம் போதாததுதான் என் பிரச்சினை.

அதே எக்ஸெல், அதே பத்து டேப். இப்போது ரேமில் 5.4 ஜி.பி. பயன்பாடு. முன்பு 3.4தான்! கூடியிருக்கிறதே என்று கவலைப்படவில்லை. முன்பு டிஸ்க்குக்கு ஓடியதெல்லாம் இப்போது ரேமிலேயே உட்கார்ந்திருக்கிறது. 'கேஷ்டு' 4 ஜி.பி.க்கு மேல் காட்டுகிறது. சும்மா கிடக்கும் இடத்தில் விண்டோஸ் பழைய ஃபைல்களை வைத்துக்கொள்கிறது, வேறு புரோகிராம் கேட்டால் உடனே கொடுத்துவிடும். எக்ஸெலிலிருந்து குரோமுக்குத் தாவ 9 நொடி ஆனது, இப்போது கண்ணிமைக்கும் நேரம்.

காலையில் ஆன் செய்து டெஸ்க்டாப் ஓயும்வரை மட்டும் முன்பு 2 நிமிடம் 50 நொடி, இப்போது 2 நிமிடம் 40. அது பெரும்பாலும் டிஸ்க் வேலை, ரேமால் பெரிதாக ஆகாது. சுழலும் தட்டு இல்லாத, வேகமான 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. டிஸ்க் ஒன்றுக்கு அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். "லோடு காசு வரட்டும்" என்கிறார்.