கால் விறைக்குது, தம்பி

ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அந்த லொறி எங்கள் கராஜுக்கு வந்தது. ஸ்காபரோவில் இருந்து மொன்றியலுக்கு வாரத்தில் இரண்டு தரம் அரிசி, மா, மிளகாய்த்தூள், தேங்காய்ப்பால் பெட்டி என்று ஏற்றிப் போகிற லொறி. 1990களின் கடைசியில் வந்த டீசல். ஆறு சிலிண்டர், கம்ப்யூட்டர் இல்லாத பழைய பம்ப். ஓட்டுகிற அண்ணைதான் சொந்தக்காரரும். இறங்கி வந்து, "எஞ்சின் சோக்கு, பிரேக் சோக்கு. கால்தான் விறைக்குது, தம்பி. கிங்ஸ்ரன் தாண்டினால் எனக்கு இடது கால் இருக்குதோ எண்டே தெரியாது" என்றார்.

ஏறிப் பார்த்தேன். டாஷ்போர்டின் மேலே கருஞ்சீரகம் சிந்தினதுபோல கறுப்புப் பொடி. சரக்கு ஏற்றுகிற வண்டிதானே என்று துணியால் துடைத்துவிட்டேன். கியர் தடியின் அடியில் பழைய அரிசிச் சாக்கு ஒன்று சுருண்டு கிடந்தது. அதையும் இழுத்துக் குப்பையில் போட்டேன். வேலை தொடங்க முதல் இடத்தைத் துப்புரவாக்கிக்கொள்வது என் பழக்கம். ரேடியேற்றருக்கு முன்னால் தேங்காய்ப்பால் பெட்டியின் அட்டையை விரித்துக் கயிற்றால் கட்டியிருந்தார். அதை மட்டும் விட்டுவைத்தேன்.

ஹீற்றர் என்பது தனியாக ஓர் அடுப்பு அல்ல. எஞ்சினைச் சுற்றிச் சூடாகி வருகிற கூலன்ற்றில், அதாவது உறையாமல் இருக்க மருந்து கலந்த தண்ணீரில், கொஞ்சத்தை இரண்டு ஹோஸ் வழியாகக் கபினுக்குள் உள்ள ஒரு சின்ன ரேடியேற்றருக்கு எடுத்து, அதன் ஊடாகக் காற்றை ஊதுகிறோம். அவ்வளவுதான். அந்தச் சின்ன ரேடியேற்றர்தான் ஹீற்றர் கோர். பழைய வண்டி, சூடு குறைவு என்றால் கோர் அடைத்திருக்கும் என்று எந்த மெக்கானிக்கின் வாயிலும் முதலில் வரும். என் வாயிலும் வந்தது. இரண்டு ஹோஸையும் கழற்றி, வெளியே வருகிற பக்கத்தால் தண்ணீரைப் பாய்ச்சினேன். தேத்தண்ணி நிறத்தில் ஊற்று ஊற்று என்று ஊற்றியது. பார்க்கப் பெரிய திருப்தி. பூட்டி ஓட்டிப் பார்த்தால் காற்று ஏதோ கொஞ்சம் வெதுவெதுப்பு. அரை நாள் போய்விட்டது.

கூட வேலை செய்கிற போலந்துக்காரருக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். என்ன செய்கிறாய் என்று கேட்கமாட்டார், எதைப் பார்த்தாய் என்றுதான் கேட்பார். அன்றைக்கும் வந்து எஞ்சின் சூட்டைக் காட்டுகிற கேஜை விரலால் காட்டினார். ஊசி குளிர்ப் பக்கத்துக் கோட்டை விட்டு மயிரிழைதான் எழும்பியிருந்தது. எஞ்சினிடமே சூடு இல்லை, நான் அதைக் கபினில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வெட்கமாகத்தான் இருந்தது. அதற்கு ஒரு காரணமும் உண்டு. நான் தொழில் பழகியது யாழ்ப்பாணத்தில், பொருளாதாரத் தடைக் காலத்தில். நாலு சொட்டுப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணிப் பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய ஏ-40 கார்களில்தான் கை பழகினது. அங்கே எஞ்சின் சூடு என்றால் எதிரி. கொதிக்கிற வண்டி வந்தால் எனக்குத் தொழில் பழக்கியவர் தேர்மோஸ்ரற்றை, அதாவது எஞ்சின் சூடாகும்வரை கூலன்ற்றை ரேடியேற்றருக்குப் போகவிடாமல் மறிக்கிற வால்வை, கழற்றி எறிவார். "உது குளிர் நாட்டுக்காரனுக்கு, எங்களுக்கு என்னத்துக்கு?" என்பார். கேஜ் ஊசி கீழே கிடந்தால் நல்ல எஞ்சின் என்று என் கண் அப்போதே படித்துவிட்டது. குளிர் நாட்டுக்கு வந்து இத்தனை வருடமாகியும் கண் மாறவில்லை.

அடுத்த நாள் காலை, இரவு முழுக்க வெளியே நின்ற எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணி, ரேடியேற்றருக்குப் போகிற மேல் ஹோஸில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். தேர்மோஸ்ரற் ஒழுங்காக மூடியிருந்தால் அந்த ஹோஸ் கனநேரம் பச்சைத் தண்ணியாகக் கிடக்கும்; எஞ்சின் சூடேறிய பிறகுதான் திடீரென்று கை சுடும். இதுவோ முதல் சில நிமிடத்திலேயே எஞ்சினோடு சேர்ந்து மெல்ல மெல்லச் சூடானது. கழற்றிப் பார்த்தேன். வால்வின் ஓரத்தில் கறள் துண்டொன்று சிக்கி, நெருப்புக்குச்சி போகிற அளவு இடைவெளி. அந்த இடைவெளியால், எஞ்சின் உண்டாக்கிய சூடெல்லாம் ரேடியேற்றர் வழியாக ஒன்ராறியோக் காற்றுக்குத் தானமாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அண்ணையின் அட்டை அதைக் கொஞ்சம் மறித்ததால்தான் இவ்வளவு காலம் ஓடியிருக்கிறார். புதியதை ஹொட்பிளேற்றில் தண்ணீர்ச் சட்டிக்குள் போட்டு, தேர்மாமீற்றர் பிடித்து, 82 பாகையில் திறக்கிறதா என்று பார்த்துவிட்டே பூட்டினேன். புதுச் சாமான் என்பதற்காக நம்பிவிடுகிற ஆள் இல்லை நான்.

கூலன்ற்றையும் சோதித்தேன். உறைந்துவிடும் என்ற பயத்தில் அண்ணை அந்த மருந்தைத் தண்ணீர் கலக்காமலே ஊற்றி ஊற்றி வந்திருக்கிறார். பாதிக்குப் பாதி கலந்தால் ஏறக்குறைய மைனஸ் 37 வரை தாங்கும். தனியாக ஊற்றினால் மைனஸ் 13 அளவிலேயே இறுகத் தொடங்கும், சூட்டையும் குறைவாகவே சுமக்கும். சொன்னபோது நம்பவில்லை. "கூட ஊத்தினால் கூடத்தானே தாங்கும்?" என்றார். நியாயமான கேள்விதான், விடைதான் நேர்மாறு.

அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. கிங்ஸ்ரனில் நிறுத்திக் கோப்பி குடிக்கிற அரை மணித்தியாலமும் எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றுவாராம். பெற்றோல் எஞ்சினில் இது கொஞ்சமாவது எடுபடும். டீசலில், அதுவும் இந்த மாதிரிப் பழைய டீசலில், வருகிற காற்றை மறிக்கத் தட்டு எதுவும் இல்லை. சும்மா ஓடும்போது ஒரு கரண்டி எண்ணெய்க்கு ஒரு அறை நிறையக் காற்று என்று வையுங்கள். எரிவது துளி, அதைக் குளிரவைக்கிற காற்று ஏராளம். இவ்வளவு பெரிய இரும்புக் கட்டியையும் இருபது லீற்றருக்கு மேற்பட்ட கூலன்ற்றையும் அந்தத் துளி எப்படிச் சூடாக்கும்? உள்ள சூடும் இறங்கும். அரைகுறையாக எரிந்த டீசல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு எஞ்சின் ஒயிலுக்குள் போகும். "இரவில் எஞ்சினைக் கரண்டில் சூடாக வச்சிருக்கிற புளொக் ஹீற்றரைச் செருகிவிடுங்கோ, காலையில் எடுத்து மெதுவாக ஓட்டுங்கோ, ஓட்டத்தில்தான் சூடேறும்" என்றேன். தலையாட்டினார். செய்வாரோ தெரியாது.

தேர்மோஸ்ரற் மாற்றியபின் ஊசி நடுவுக்கு வந்தது. வேலை முடிந்தது என்று ஓட்டிப் பார்த்தேன். முந்தியதைவிட நல்லம், ஆனால் சூடு என்று சொல்ல ஏலாது. வெளியே மைனஸ் 18. கபினுக்குள் சூட்டுக்காற்று வருகிற துளையில் தேர்மாமீற்றரை வைத்தால் 31 பாகை.

இந்த முறை ஊகிக்காமல் அளந்தேன். கோருக்குள் போகிற ஹோஸ் 84, திரும்பி வருகிற ஹோஸ் 78. இரண்டும் சூடு, ஆக, ஓட்டத்தில் குறையில்லை. முதல் நாளே இப்படி அளந்திருந்தால் இரண்டு ஹோஸும் ஒன்றாகவே வெதுவெதுப்பாக இருந்ததைக் கண்டிருப்பேன், கோரைக் கழுவ ஓடியிருக்கமாட்டேன். புளோவர் முழு வேகத்தில் ஊத, அந்த மைனஸ் 18 காற்றுக் கோரின் ஊடாகப் போனால் ஆறே ஆறு பாகைதான் இறங்குமா? காற்றில் பாதி கோர்ப் பக்கமே போகவில்லை.

யோசித்தபடி டாஷ்போர்டைப் பார்த்தேன். நான் துடைத்த இடத்தில் மறுபடியும் கருஞ்சீரகம்.

ஒரு பொடியை விரலால் நசுக்கினேன். பிசுபிசுத்தது. மிளகாயும் இல்லை, மல்லியும் இல்லை, ஸ்பொன்ச்.

முன்பக்கத்துச் சாமான் பெட்டியைக் கழற்றி ரோச் அடித்துப் பார்த்தேன். குளிர்காற்றையும் சூட்டுக்காற்றையும் பிரிக்கிற தகட்டுக் கதவு உள்ளே இருந்தது. அதன் விளிம்பைச் சுற்றி ஒட்டியிருந்த ஸ்பொன்ச் உக்கிக் கொட்டிப்போயிருந்தது. குமிழைச் சூட்டுப் பக்கம் முழுக்கத் திருப்பினாலும் கதவு ஒரு விரல் அகலத்துக்குத் திறந்தே நின்றது. கோருக்குள் நெருக்கிப் போவதைவிட அந்த விரல் இடைவெளியால் போவது காற்றுக்குச் சுகம். காரணம் முதல் நாளே என் கையில் இருந்த துணியில் ஒட்டியிருந்தது.

புது ஸ்பொன்ச் பட்டி ஒட்டி, கேபிளையும் ஓர் இழுவை இழுத்து இறுக்க ஒரு மணித்தியாலம். சாமானுக்கு எட்டு டொலர். துளையில் 54 பாகை வந்தது. கோர் கழுவிய அரை நாளுக்கு நான் காசு எழுதவில்லை, முதலாளியும் கேட்கவில்லை. அட்டையைக் கழற்றி, நடுவில் சதுரமாக ஓர் ஓட்டை வெட்டித் திரும்பக் கட்டினேன். முழுக்க மூடினால், எஞ்சினுக்குள் போகிற காற்றைக் குளிரவைக்க ரேடியேற்றருக்கு முன்னால் இருக்கிற இன்ரகூலருக்கும் காற்றில்லாமல் போகும்.

அடுத்த சனிக்கிழமை அண்ணை மொன்றியலால் திரும்பி வந்தார். முகத்துக்கு, கைக்கு எல்லாம் நல்ல சூடாம், ஜக்கெற்றைக் கழற்றிவிட்டு ஓட்டினாராம். "ஆனால் தம்பி, இடது கால் முந்தினதைவிட மோசம்."

ஏறிக் கியர் தடிக்குக் கீழே கையை வைத்தேன். அதைச் சுற்றியிருந்த ரப்பர் கிழிந்து, வீதிக் காற்று நேரே விரலில் அடித்தது. அண்ணை கீழே குனிந்து எதையோ தேடினார்.

"இதுக்குள்ள ஒரு சாக்கு அடைஞ்சு வச்சிருந்தனான். கண்டனீரோ?"