கியர் ஆயில் கறுத்தால் கியர்பாக்ஸ் போச்சா?

ஆட்டோமேட்டிக் கியர் கார் சூடாகும் முன் ஓட்டிப் பார்த்து கியர்பாக்ஸைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள். என் பழைய நாலு கியர் கார் காலையில் கோலாலம்பூர் செந்தூலிலிருந்து கிளம்பும்போது சாதுவாகத்தான் இருக்கும். ஜாலான் கூச்சிங் சாலை ஜாமில் ஊர்ந்து சூடான பிறகுதான் சேட்டை. இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்கு மாறும் இடத்தில் ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) விர்ரென்று ஏறும், வண்டியின் வேகம் ஏறாது. ரிவர்ஸ் போட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டு 'டொக்'கென்று பிடிக்கும். சூட்டில் ஆயில் இளகுகிறது, இறுகிப்போன ரப்பர் சீல்களின் ஓரமாக அழுத்தம் கசிகிறது, கியரைப் பிடித்துக்கொள்ளும் கிளட்ச் தட்டுகளை நெருக்கிப் பிடிக்க விசை போதவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

முதலில் போன பட்டறையில் போனட்டைக்கூடத் திறக்காமல் "ஓவர்ஹால்தான்", அதாவது கியர்பாக்ஸை முழுதாகப் பிரித்துச் சரிசெய்ய வேண்டும் என்றார்கள். இருக்கலாம். ஆனால் ஏன் என்று சொல்லாமல் பணம் கேட்டால் எப்படி?

அப்புறம் பத்துமலைப் பக்கம் தெரிந்த போர்மன் (மெக்கானிக்) அண்ணனிடம் போனேன். காரைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போதே லீவரை எல்லா கியருக்கும் நகர்த்திவிட்டு கியர் ஆயிலின் அளவுக்கம்பியை உருவினார். (சில கார்களில் இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும், கையேட்டைப் பாருங்கள்.) அளவு சரி. வெள்ளை டிஷ்யூவில் ஒரு சொட்டு விட்டார். புதிதில் சிவப்பாக இருக்கும் ஆயில், அடர் பழுப்பாகப் பரவியது.

"கலர வச்சி முடிவு பண்ணாத தம்பி, மோந்து பாரு" என்றார்.

கருகல் வாடை. வயதான ஆயில் எப்படியும் பழுப்பாகும். கருகல் வாடை வந்தால்தான் கிளட்ச் தட்டின் உராய்வுப் பூச்சு வெந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டுமாம். சிராப் பண்டோங் (பால் கலந்த ரோஸ் சர்பத்) மாதிரி ரோஸாகக் கலங்கியிருந்தால் கதை வேறு. ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது, காரை ஓட்டவே கூடாது.

கெந்திங் செம்பா ஏற்றத்தில் ஓட்டியபோது ஆர்பிஎம் துள்ளல் நன்றாகவே தெரிந்தது. சமதளத்தில் 70 கிலோமீட்டர் வேகத்தில், ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்திருக்கும்போது ஒரு நடுக்கம். இன்ஜின் கோளாறாலும் இப்படி நடுங்கலாம் என்பதால் ஸ்பார்க் பிளக்கையும் காயிலையும் முன்பே பார்த்தாகிவிட்டது. பின்னால் வண்டி இல்லாத இடத்தில் அண்ணன் இடது காலால் பிரேக்கைத் தொட்டார், நடுக்கம் நின்றது. இன்ஜின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது டார்க் கன்வெர்ட்டர்; சீரான வேகத்தில் இரண்டையும் நேராகப் பூட்டுவது அதனுள் இருக்கும் லாக்கப் கிளட்ச். பிரேக் சுவிட்ச் பட்டதும் இந்த லாக்கப் கிளட்ச் விலகிவிடும். ஆக அதுவும் தேய்ந்திருக்கிறது.

கடைசியில் கியர்பாக்ஸின் அடியிலுள்ள ஆயில் தட்டைக் கழற்றினார். அதிலிருக்கும் காந்தத்தில் சாம்பல் நிற மை போலப் படிவது எந்தக் காரிலும் இருப்பதுதான், அதற்குப் பயப்பட வேண்டாம். எங்கள் தட்டின் அடியில் கிடந்தவை கறுப்புச் செதில்கள், விரலில் எடுக்கும் அளவுக்கு. இனி ஆயில் மாற்றிப் பயனில்லை என்று எனக்கே தெரிந்தது. தட்டைக் கழற்றினாலும் பாதிக்கு மேற்பட்ட ஆயில் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடும் என்பது வேறு.

பிரித்தபோது கிளட்ச் தட்டுகளில் பூச்சு உரிந்து, இரும்புத் தட்டுகள் சூட்டில் நீலம் பாரித்திருந்தன. சீல்கள், கிளட்ச் தட்டுகள், கன்வெர்ட்டர் எல்லாம் மாற்றியாயிற்று. ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலரையும் கழுவினார். அதைச் செய்யாவிட்டால் அங்கே தங்கிய செதில்கள் புது கியர்பாக்ஸுக்குள் போகும். ஓவர்ஹால் செய்கிறவர்கள் பில்லில் அந்த வேலை இருக்கிறதா என்று பாருங்கள். நான் தனியாக ஒரு சின்ன கூலரும் மாட்டிக்கொண்டேன். வீண்செலவு என்கிறார் என் மச்சான். அவர் ஜாலான் கூச்சிங் பக்கம் வருவதில்லை.