ஒரே இறகுப் பறவைகள்

ஆங்கில மரபுத்தொடர்களின் பொருளை மட்டும் மனனஞ் செய்வதை எங்கள் ஆங்கில ஆசிரியர் ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை. ஒரு தொடரை யார், யாரைப் பற்றி, எந்தத் தொனியில் சொல்கிறார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பார். ஒரு பாடவேளை முழுவதையும் அவர் செலவிட்ட தொடர் 'பேர்ட்ஸ் ஒஃப் எ ஃபெதர் ஃபுளொக் டுகெதர்' என்பதாகும். ஒரே வகை இறகுடைய பறவைகள் ஒன்றாகவே கூடும் என்பது நேர்ப்பொருள். குணத்தாலும் விருப்பத்தாலும் ஒத்தவர்கள் ஒருவரையொருவர் தாமாகவே நாடிச் சேர்வார்கள் என்பது வழக்குப் பொருள். 'இனம் இனத்தோடு சேரும்' என்று நம்மவர் சொல்வதும் இதைத்தான்.

1545 ஆம் ஆண்டில் வில்லியம் டர்னர் என்ற ஆங்கிலேயர் எழுதிய சமயக் கண்டன நூலொன்றில் இக்கருத்து ஏறத்தாழ இதே உருவில் இடம்பெற்றுள்ளது. கண்டனத்தில் பழகியதாலோ என்னவோ, அதில் இன்றும் ஒரு குத்தல் தங்கியிருக்கிறது. பரீட்சையில் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி அகப்பட்ட இருவரைப் பற்றிச் சொல்வதற்கு முதற்பாதியே போதும். மீதியைக் கேட்பவர் மனத்துக்குள் நிரப்பிக்கொள்வார். புத்தகப் பித்துக் கொண்ட நண்பர்களைக் குறித்துச் செல்லமாகவும் சொல்லலாம். ஆனால், நற்சான்றிதழில் மறந்தும் எழுதிவிடாதீர்கள் என்பது ஆசிரியரின் எச்சரிக்கை.

வெறும் ஒற்றுமைக்கு இத்தொடர் பொருந்தாது, ஒன்றுகூடுதலும் வேண்டும். தந்தையை உரித்து வைத்த மகனைக் குறிக்க, மரக்கட்டையிலிருந்து தெறித்த சில்லு என்ற வேறொரு தொடர் உண்டு. 1781 இல், பிரித்தானியப் பிரதமராயிருந்த வில்லியம் பிட்டின் அதே பெயருடைய மகனான இளைய பிட்டின் முதல் நாடாளுமன்ற உரையைக் கேட்ட சக உறுப்பினர் எட்மண்ட் பேர்க், அவர் சில்லு மட்டுமல்லர், அந்தப் பழைய கட்டையேதான் என்று வியந்ததாகச் சொல்வர். இதைச் சொல்லும்போது ஆசிரியரின் குரல் பேர்க்கின் குரலாகவே மாறிவிடும்.

ஔவையாரின் மூதுரையையும் அவர் விட்டுவைக்கவில்லை. தாமரைக் குளத்தை அன்னம் சேர்வது போலக் கற்றாரைக் கற்றாரே விரும்புவர் என்றும், சுடுகாட்டுப் பிணத்தைக் காக்கை விரும்புவது போல மூர்க்கரை மூர்க்கர் விரும்புவர் என்றும் ஒரே வெண்பா இரு பக்கத்தையும் காட்டிவிடுகிறது. ஆங்கிலப் பழமொழியோ எந்தப் பறவை என்று சொல்லாமல், அந்தப் பொறுப்பைச் சொல்பவரின் தொனியிடம் விட்டுவிடுகிறது.

ஒத்தவரை ஒத்தவர் நாடும் இயல்புக்கு 1954 இல் சமூகவியலாளர்களான லாசர்ஸ்ஃபெல்டும் மேர்ட்டனும் 'ஹோமோஃபிலி' என்று பெயரிட்டனர். ஒத்திருப்பதால் சேர்கிறோமா, சேர்ந்திருப்பதால் ஒத்துப்போகிறோமா என்பதே சமூகவியலாளர்களை இன்னமும் அலைக்கழிக்கும் வினா. நிலத்தின் இயல்பால் நீர் திரிவது போல, சேர்ந்த இனத்தின் இயல்பே மாந்தரின் அறிவாகிறது என்னும் வள்ளுவர் இரண்டாவது பக்கம் நிற்கிறார். எனது சார்பும் அதுவே. எங்கள் வகுப்பினர் ஒருவரையொருவர் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர், இடாப்பின் வரிசையால் சேர்க்கப்பட்டவர்கள். எனினும், இன்று பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆண்டறிக்கையின் எழுத்துப்பிழையைக் கண்டதும் நாங்கள் அனைவரும் ஒருசேரப் பேனாவை எடுக்கிறோம். அப்போது எங்கள் வாழ்க்கைத் துணைவர்கள் அந்த ஆங்கிலத் தொடரின் முதற்பாதியை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வர், பாராட்டுவதற்காக அல்ல.