நீலாசலத்திலிருந்து தட்சிணேஸ்வரம் வரை

தமிழ்நாட்டிலிருந்து ஒடிசாவுக்கு யாத்திரை செல்பவரின் கண் முதலில் ராஜகோபுரத்தைத்தான் தேடும். அங்கே அது கிடையாது. கருவறையின் மேல் நேராக எழும் சிகரமே கோயிலின் மிக உயரமான பகுதி. அதற்கு முன்னால், படிப்படியாகக் குறுகிச் செல்லும் கூரையோடு ‘ஜகமோகன்’ என்ற மண்டபம் அமைந்திருக்கும். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தை அண்ணாந்து பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த அமைப்பு அவ்வளவாக அந்நியமாகத் தோன்றாது. புவனேஸ்வரம், கோனார்க், பூரி, கொல்கத்தா ஆகிய ஊர்களை ஒரு வாரத்தில் தரிசித்து வர வேண்டும் என்பது என் தாயாரின் நெடுநாள் விருப்பம். எழுபது வயதைக் கடந்த அவரை அழைத்துக்கொண்டு, தை பிறந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன்பான நாட்களில் புறப்பட்டோம்.

புவனேஸ்வரத்தில் லிங்கராஜர் கோயில் பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சிகரத்தின் உயரம் ஏறக்குறைய 55 மீட்டர். சுயம்பு மூர்த்தியான லிங்கம் தரைக்கு மேல் அதிகம் எழும்பாமல் அகன்ற பாறையாகவே இருக்கிறது. சிவனும் திருமாலும் ஒன்றான ஹரிஹர வடிவமாக வழிபடப்படுவதால் இங்கே வில்வத்தோடு துளசியும் சாற்றுகிறார்கள். இரண்டையும் சேர்த்தே பிரசாதமாகக் கையில் வாங்கிக்கொண்ட என் தாயார், “நம்ம சங்கரன்கோவில் சுவாமிதான் இங்கே ஒரே கல்லா இருக்கார்” என்றார். அருகிலுள்ள பிந்துசாகர் குளத்தின் கரையில், 1278-ஆம் ஆண்டு கங்க வம்சத்து இளவரசி சந்திரிகா கட்டிய அனந்த வாசுதேவர் கோயில் இருக்கிறது. சிவத் தலமாகிய அவ்வூரில் பெருமாளுக்குத் தனிக் கோயில், அதற்கெனப் பெரிய மடைப்பள்ளி, அங்கே சமைத்து நிவேதித்த அன்னத்தை வாங்கி உண்ணும் பக்தர் கூட்டம் என்று பூரிக்கு ஒரு முன்னோட்டம் போலவே அந்த இடம் இருந்தது. முக்தேஸ்வரர் கோயிலின் கல் தோரணத்தையும், தெய்வமில்லாத ராஜராணி கோயிலையும் மாலைக்குள் பார்த்துவிட்டோம்.

நகரை ஒட்டிய உதயகிரிக் குன்றில் ஹாத்திகும்பா என்ற குகையின் நெற்றியில் கலிங்க மன்னன் காரவேலனின் பதினேழு வரிக் கல்வெட்டு இருக்கிறது. தமிழ் அரசர்களின் கூட்டணி ஒன்றைத் தான் குலைத்ததாகவும், பாண்டியனிடமிருந்து முத்துக்களைப் பெற்றதாகவும் அதில் அவன் கூறிக்கொள்வதாக அறிஞர்கள் படித்திருக்கிறார்கள். ஊருக்குத் தெற்கே தௌலியில், பாறையிலிருந்து வெளிப்படுவது போன்ற யானையின் முன்னுடலுக்குக் கீழே அசோகரின் கட்டளைகள் பொறிக்கப்பட்டுள்ளன. கலிங்கப் போரின் அழிவையும் தன் வருத்தத்தையும் பேசும் பதின்மூன்றாம் கட்டளை இங்கே விடப்பட்டு, “எல்லா மனிதரும் என் பிள்ளைகள்” என்று கூறும் தனிக் கட்டளைகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. தோற்ற மக்களின் கண்முன் அந்தப் போரின் கணக்கை எழுதி வைக்க மனம் வராத ஓர் அரசனை அங்கே நான் உணர்ந்தேன்.

கோனார்க் சூரியன் கோயிலை முதலாம் நரசிம்மதேவன் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுப்பினான். இருபத்து நான்கு சக்கரங்கள், ஏழு குதிரைகள் பூட்டிய பெருந்தேராக அமைந்த அதை 1984-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சக்கரம் ஒன்றின் அருகே நின்று பார்த்தால், ஆளுயரத்தைத் தாண்டும் அதன் அகன்ற ஆரங்களின் நடுவில் வட்டப் பதக்கம் வைத்து, அதற்குள் விரல் நீளமே உள்ள உருவங்களைச் செதுக்கியிருப்பது தெரியும். பீடத்தின் அடிவரிசையில் யானைகள் வரிசையாக நடக்கின்றன; குட்டிகள் தாய்களின் கால்களுக்கிடையே புகுந்து செல்கின்றன. கடற்காற்றின் உப்பு பல முகங்களை அரித்துவிட்டது. மூலவர் இருந்த சிகரம் எப்போதோ சரிந்துபோக, எஞ்சியுள்ள ஜகமோகன் மண்டபமும் விழுந்துவிடாதிருக்க 1903-இல் ஆங்கிலேய அரசு அதன் உட்புறத்தை மணலால் நிரப்பி வாசல்களை அடைத்தது. அடைத்த வாசல் முன் கைகூப்பி நின்ற என் தாயார், “சுவாமி எங்கே?” என்று கேட்டபோது என்னால் விடை சொல்ல முடியவில்லை. ஆடுதுறைக்கு அருகே முதலாம் குலோத்துங்கன் காலத்தில் எழுந்த சூரியனார் கோயில், அளவில் இதன் ஒரு மூலைக்கும் ஈடாகாது. ஆனால் அங்கே ஞாயிறுதோறும் கோதுமையும் வெல்லமும் ஏந்திய மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். இங்கே பூஜை நடப்பது வளாகத்தின் ஓரத்தில் சிறு கட்டடம் ஒன்றில் வைத்திருக்கும் நவக்கிரகக் கல்லுக்கு மட்டும்தான். அது ஒரு காலத்தில் மண்டப வாசலின் மேல் இருந்த கல். அங்கே எரிந்த அகலைப் பார்த்த பிறகே என் தாயாரின் மனம் சற்று ஆறியது.

கோனார்க்கிலிருந்து கடலோரச் சாலையில் 35 கிலோமீட்டர் சென்றால், நீலாசலம் என்றும் வழங்கும் பூரி. சிங்கவாசலுக்கு முன் நிற்கும் அருண ஸ்தம்பமே பழைய கதையைத் தொடர்ந்து சொல்கிறது: சூரியனின் சாரதியாகிய அருணனைத் தாங்கிய அந்த ஒற்றைக்கல் தூண், கோனார்க்கில் வழிபாடு நின்றுபோன பின், மராட்டியர் ஆட்சியில் பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கே கொண்டுவந்து நிறுவப்பட்டது.

ஜகந்நாதர் கோயிலைக் கட்டத் தொடங்கிய அனந்தவர்மன் சோடகங்கனின் தாய் ராஜசுந்தரி சோழ இளவரசி. கலிங்கத்துப்பரணி பாடும் போரில் கருணாகரத் தொண்டைமானின் படை எதிர்கொண்ட மன்னனும் இவனே. இந்த உறவையும் பகையையும் மனத்தில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்த எனக்கு, இருபத்திரண்டு படிகளையும் ஏறி ஜகமோகன் மண்டபத்துக்குள் நின்றபோது வரலாறு எதுவும் நினைவில் நிற்கவில்லை. ரத்ன சிம்மாசனத்தில் கறுத்த ஜகந்நாதர், மஞ்சள் நிறச் சுபத்திரை, வெண்ணிறப் பலபத்திரர் (பலராமர்), அருகே தூணாக நிற்கும் சுதர்சனர். சிற்ப சாஸ்திரத்தின் அங்க லட்சணங்களில் ஊறிய தமிழ்க் கண்களுக்கு அந்த வேப்பமரத் திருமேனியில் எதையும் அடையாளம் காண முடியாது. காதில்லை, விரல்களில்லை, இமையே இல்லாத இரண்டு பெரிய வட்டக் கண்கள் மட்டுமே இருக்கின்றன. அந்தக் கண்கள் கூட்டத்தில் என்னைத் தேடி எடுத்துக்கொண்டன என்றுதான் சொல்ல வேண்டும். ஆதிசங்கரர் பெயரால் வழங்கும் ஜகந்நாதாஷ்டகம் ‘என் கண்ணின் வழியில் வந்தருள்வாயாக’ என்று ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் ஏன் வேண்டுகிறது என்பது அங்கே நின்றால் புரிகிறது. திருவல்லிக்கேணியில் அண்ணனோடும் மகனோடும் பேரனோடும் குடும்பமாக நிற்கும் பெருமாளைச் சேவித்து வளர்ந்தவர் என் தாயார். தங்கையையும் நடுவில் நிறுத்திக்கொண்ட பெருமாளைக் கண்டு அவர் கண் கலங்கினார்.

மரம் அழியும் பொருள். அதனால் சந்திர மாதக் கணக்கில் ஆஷாட மாதம் இரண்டு வரும் சில ஆண்டுகளில், புதிய வேப்பமரங்களைத் தேடிக் கண்டுபிடித்து, புதிய திருமேனிகளைச் செய்து, பழைய திருமேனிக்குள் இருக்கும் ‘பிரம்ம பதார்த்தம்’ என்னும் உயிர்ப்பொருளை இரவில் மாற்றி வைக்கிறார்கள். நவகளேபரம் என்ற இந்தச் சடங்கு 1996-இலும் அதற்குப் பின் 2015-இலும் நடந்தது. மாற்றும் தைதாபதி சேவகரின் கண்கள் கட்டப்பட்டிருக்கும். கைகளிலும் துணி சுற்றப்பட்டிருக்கும். பழைய திருமேனிகளைக் கோயிலுக்குள்ளேயே கொய்லி வைகுண்டம் என்ற இடத்தில் அடக்கம் செய்துவிட்டு, சபரர் என்னும் பழங்குடியின் தலைவன் விசுவாவசுவின் வழிவந்தவர்களாகிய அந்தச் சேவகர்கள், தங்கள் வீட்டில் ஒருவர் இறந்தாற்போல் பத்து நாட்கள் துக்கம் காத்து நீராடுகிறார்கள். நம் காஞ்சியில் அத்திவரதரைக் குளத்து நீருக்குள் நாற்பது ஆண்டுகள் சயனிக்கச் செய்து, 2019-இல் எழுந்தருளச் செய்ததை நேரில் கண்ட எனக்கு, மரத்தில் இறைவனைக் காணும் வழக்கம் புதிதாகத் தோன்றவில்லை. இறைவனுக்காகத் தீட்டுக் காப்பது புதிதாக இருந்தது. கோனார்க்கின் பெருங்கல் காலியாக நிற்க, பத்தொன்பது இருபது ஆண்டுகளில் மாற்ற வேண்டிய இந்த மரம் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக வழிபாடு குன்றாமல் இருப்பதற்கு, இந்த உறவுமுறைதான் காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

கோயில் வளாகத்திலேயே காஞ்சி கணேசர் என்ற பிள்ளையார் இருக்கிறார். ஒடிசா மன்னன் புருஷோத்தம தேவன் காஞ்சி இளவரசி பத்மாவதியை மணக்க விரும்பியபோது, ரத யாத்திரையில் தேர்த்தட்டைப் பெருக்கும் ஒருவனுக்குப் பெண் தர மாட்டேன் என்று காஞ்சி அரசன் மறுத்தானாம். முதல் படையெடுப்பில் தோற்றவன் ஜகந்நாதரிடம் முறையிட, அவரும் அண்ணனும் கறுப்பு, வெள்ளைக் குதிரைகளில் படைக்கு முன்னே சென்றார்கள். வழியில் மாணிகா என்ற இடைச்சியிடம் தயிர் வாங்கிக் குடித்து, பின்னால் வரும் அரசன் விலை கொடுப்பான் என்று மோதிரத்தை அடையாளமாகத் தந்தார்கள். வென்றுவந்த அரசன், இளவரசியைத் தோட்டி ஒருவனுக்கே மணமுடிக்க வேண்டும் என்று அமைச்சரிடம் சினந்து கூற, அமைச்சர் அடுத்த ரத யாத்திரையில் பொன் துடைப்பத்தோடு நின்ற அரசனின் கையிலேயே அவளைப் பிடித்துக் கொடுத்தார் என்று ஒடிசா மக்கள் மிகுந்த ஆசையோடு சொல்கிறார்கள். அந்தப் போரில் கொண்டுவரப்பட்டவரே இந்தப் பிள்ளையார் என்பது அவர்கள் நம்பிக்கை. இன்றும் பூரி கஜபதி மன்னரே தேர்த்தட்டைப் பெருக்குகிறார்.

ஜகந்நாதருக்கு நிவேதனமான அன்னம் அதே வளாகத்தில் உள்ள விமலா தேவிக்கும் படைக்கப்பட்ட பிறகே மகாபிரசாதம் ஆகிறது. அதை வடகிழக்கு மூலையில் உள்ள ஆனந்த பஜாரில் விற்கிறார்கள். விறகடுப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வேகவைத்த மண்பானைகள், வாய் திறந்ததும் ஆவியோடு நெய்மணம் எழும்பும் சாதம், பருப்பும் காயும் சேர்ந்து வெந்த தால்மா, இனிப்பான கனிகா. வாங்கும் முன் கையில் சிறிது இட்டுச் சுவைக்கச் சொல்கிறார்கள். உருளைக்கிழங்கும் தக்காளியும் முட்டைக்கோசும் இந்தச் சமையலுக்குள் வருவதே இல்லை. “இது நம்ம வீட்டுத் திவசச் சமையல் மாதிரி, நாட்டுக்காய்தான்” என்று என் தாயார் உடனே கண்டுகொண்டார். தரையில் அமர்ந்து, ஒரே பானையிலிருந்து முன்பின் அறியாதவர்களோடு பகிர்ந்து உண்ண வேண்டும் என்பது முறை. எச்சில் என்றும் சாதி என்றும் அங்கே பேச்சில்லை. ஆசாரத்தில் தளராத என் தாயார், பக்கத்தில் அமர்ந்த வங்காளத்துக் கிராமப் பெண்மணி தன் இலையிலிருந்து எடுத்து நீட்டிய கவளத்தை இரு கையாலும் வாங்கி உண்டார். வீட்டுக்கு எடுத்துச் செல்ல, வெயிலில் உலர்த்திய சாதமாகிய நிர்மால்யத்தைச் சிவப்புத் துணிப்பையில் வாங்கிக்கொண்டோம்.

மாலையில் கொடி மாற்றுவதைக் காண வேண்டும். ஏறக்குறைய 65 மீட்டர் உயரச் சிகரத்தில், சுனரா சேவகர் கோயிலுக்கு முதுகைக் காட்டியபடி, கயிறு எதுவும் இல்லாமல், புதிய கொடிகளை உடலில் சுற்றிக்கொண்டு மேலேறுகிறார். சிகரத்தின் உச்சியிலுள்ள நீலச்சக்கரத்தை அவர் அடைந்தபோது கீழே நின்ற கூட்டம் முழுவதும் ஒரே குரலில் ‘ஜெய் ஜகந்நாத்’ என்றது.

இரவு ரயிலில் ஹௌரா வந்து சேர்ந்தோம். காளிகாட்டில் நெருக்கடியான கூட்டத்தில் மூன்று பெரிய விழிகளும் நீண்ட பொன் நாவும் சில நொடிகளே தெரிந்தன. அதுவே போதுமானதாக இருந்தது. ஹூக்ளிக் கரையிலுள்ள தட்சிணேஸ்வரத்தில் நிதானமாக அமர முடிந்தது. ராணி ராசமணி கட்டிய ஒன்பது சிகரக் கோயிலும், ஆற்றை நோக்கிய பன்னிரண்டு சிவன் சந்நிதிகளும் 1855 மே 31 அன்று குடமுழுக்குக் கண்டன. அது ஜகந்நாதரின் ஸ்நான யாத்திரைத் திருநாள். ராணி பிறந்த சாதியைக் காரணம் காட்டிப் பூஜை செய்ய அந்தணர் தயங்கியபோது முன்வந்தவர் ராமகிருஷ்ணரின் அண்ணன் ராம்குமார். வடமேற்கு மூலையில் ராமகிருஷ்ணர் வாழ்ந்த அறை இருக்கிறது. பூரிக்குச் சென்றால் இந்த உடல் தங்காது என்று கூறி அவர் ஒருபோதும் அங்கே செல்லவில்லை; ஆனால் பூரியின் உலர்ந்த மகாபிரசாதத்தை இந்த அறையில் வைத்துக்கொண்டு, தினமும் ஓரிரு பருக்கைகளை உண்ட பிறகே உணவு கொண்டார். அவர் மறைந்த பின் பூரிக்குச் சென்ற சாரதா தேவி, அவருடைய படத்தைச் சேலைக்குள் மறைத்து எடுத்துச் சென்று ஜகந்நாதருக்குக் காட்டினார். இதை நான் சொல்லக் கேட்டதும் என் தாயார் பையிலிருந்த நிர்மால்யத்தைத் திறந்து, அந்த அறையின் வாசலில் அமர்ந்திருந்தவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு பருக்கை கொடுத்தார்.

அங்கிருந்து படகில், ராமகிருஷ்ண மடத்தின் தலைமையிடமான பேலூர் மடம். மாலை ஆரத்தியில் விவேகானந்தர் இயற்றிய பாடலை நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து பாடினார்கள். 1897-இல் சென்னைக்கு வந்த ராமகிருஷ்ணரின் சீடர் ராமகிருஷ்ணானந்தர் தொடங்கிய, இப்போது மயிலாப்பூரில் உள்ள மடத்திலும் ஒலிக்கும் பாடல் என்பதால் என் தாயாருக்கு ஒவ்வொரு வரியும் மனப்பாடமாக இருந்தது.

செல்ல எண்ணுபவர்களுக்குச் சில வார்த்தைகள். பூரியையும் கோனார்க்கையும் ஒரே பகலில் முடித்துவிடும் சுற்றுலாத் திட்டத்தை ஏற்க வேண்டாம். பூரியில் குறைந்தது இரண்டு இரவுகள் தங்கினால்தான் காலைத் தரிசனமும் மகாபிரசாதமும் மாலையில் கொடி மாற்றுவதும் அவசரமின்றி அமையும். கோயிலுக்குள் கைபேசிக்கும் தோல் பொருட்களுக்கும் அனுமதியில்லை. பண்டாக்கள் எனப்படும் கோயில் புரோகிதர்களின் உதவி தேவைப்பட்டால் தட்சிணையை வாசலிலேயே பேசி முடித்துக்கொள்வது நல்லது. தட்சிணேஸ்வரத்திலும் பேலூரிலும் மதியம் நடை சாத்தியிருப்பார்கள். ஆகவே பிற்பகலில் தட்சிணேஸ்வரத்தைத் தரிசித்துவிட்டு, ஆரத்திக்கு முன் பேலூரை அடையும்படி படகு பிடிக்க வேண்டும்.