மும்பைக்கு மூன்று டிக்கெட்

குர்லா ரயில் லோனாவாலாவைத் தாண்டி மலையிறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வந்தால் ஓர் அருவி. அடுத்த சுரங்கம் முடிந்தால் இன்னொன்று. மகள் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து நனைந்துகொண்டே வந்தாள். நான் மடியிலிருந்த ஃபைலை இறக்கவே இல்லை. பிளாஸ்டிக் உறை மேல் பிளாஸ்டிக் உறையாகப் போட்டும், ஒரு துளி உள்ளே போய்விடுமோ என்று அதையே தடவிக்கொண்டிருந்தேன்.

2024 ஜூன் மூன்றாவது வாரம். எனக்கும் கணவருக்கும் மகளுக்கும் அமெரிக்கக் குடியேற்ற விசா நேர்காணல். சென்னையில் அண்ணா மேம்பாலத்தை ஒட்டியே அமெரிக்கத் துணைத் தூதரகம் இருக்கிறது. சுற்றுலா, படிப்பு விசா என்றால் அங்கேயே முடிந்துவிடும். வேலை வழியாகக் குடியேறப் போகிறவர்கள் மும்பைக்குப் போக வேண்டும்.

நான் நர்ஸ். 2011இல் சென்னையில் என்கிளெக்ஸ், அதாவது அமெரிக்காவில் நர்ஸ் உரிமம் வாங்குவதற்கான தேர்வு, எழுதித் தேறினேன். 2012 ஜூனில் டெக்சாஸில் ஒரு மருத்துவமனை, என்னை வேலைக்கு எடுத்துக் குடியேற்றக் கேட்கும் ஐ-140 மனுவை எனக்காகப் போட்டது. நர்ஸ் பற்றாக்குறையை அந்நாட்டு அரசே ஏற்றுக்கொண்டிருப்பதால், விளம்பரம் கொடுத்து உள்ளூர் ஆள் கிடைக்கவில்லை என்று நிரூபிக்கும் பெர்ம் கட்டம் எங்களுக்கு இல்லை. அதனால் இரண்டு வருடத்தில் போய்விடலாம் என்று நினைத்தேன். மகள் அப்போது நான்காம் வகுப்பு.

பன்னிரண்டு வருடம் ஆனது. வேலை வழிக் குடியேற்றத்துக்கு அமெரிக்கா ஆண்டுக்குச் சுமார் 1,40,000 இடம்தான் ஒதுக்குகிறது. கணவன், மனைவி, பிள்ளைகளும் அந்தக் கணக்கில்தான் வருவார்கள். எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்றும் சட்டம் இருக்கிறது. இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை நீண்டுகொண்டே போவது அதனால்தான். எந்தத் தேதிவரை மனு போட்டவர்களுக்கு முறை வந்திருக்கிறது என்று அமெரிக்க அரசு மாதாமாதம் விசா புல்லட்டின் வெளியிடும். எங்கள் பிரிவான இ.பி.3, இந்தியா என்ற கட்டத்தில் என்ன தேதி போட்டிருக்கிறது என்று பார்ப்பேன். சில மாதம் ஒரு வாரம் நகரும், சில மாதம் அசையாது, சில நேரம் பின்னால் கூடப் போகும். டூட்டி முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்து அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து எதுவும் சொல்லாமல் அரிசி களைந்த மாதங்கள் நிறைய.

இதில் மகளின் வயதுதான் என் நெஞ்சில் கிடந்த கல். 21 வயதாகிவிட்டால் அவள் சட்டப்படி 'பிள்ளை' இல்லை. எங்களோடு வர முடியாது. 2023 நவம்பரில் அவளுக்கு 21 முடிந்தது. எங்கள் தேதி திறந்தது 2024 பிப்ரவரியில். மூன்று மாதத்துக்கும் குறைவான இடைவெளி.

இதற்கு சி.எஸ்.பி.ஏ. என்று 2002இல் வந்த ஒரு சட்டம் இருக்கிறது. முறை வந்து விசா எண் கிடைக்கும் நாளில் பிள்ளைக்கு என்ன வயதோ, அதிலிருந்து மனு முடிவாகாமல் கிடந்த நாட்களைக் கழிக்கலாம். என் மனு ஏழு மாதம் கிடந்தது. 2013 ஜனவரியில்தான் அனுமதி வந்தது. அந்த ஏழு மாதமும் நான் அழாத நாள் குறைவு. என்னோடு தேர்வு எழுதிய தோழிக்குப் பதினைந்தே நாளில் அனுமதி வந்திருந்தது. அவளை எடுத்த மருத்துவமனை விரைவுக் கட்டணம் கட்டியிருந்தது. அவளுக்குக் கொடுத்து வைத்திருக்கிறது, எனக்கு இல்லை என்று அப்போது என் அம்மாவிடம் சொன்னேன்.

இப்போது அந்த ஏழு மாதத்தைக் கழித்தால் என் மகளுக்கு இருபதரை வயது கடந்திருக்கிறது, 21 ஆகவில்லை. தோழியின் மகன் என் மகளைவிட ஒரு மாதம் மூத்தவன். அவனுக்குக் கழிக்கப் பதினைந்து நாள்தான் இருந்தது.

தாராவியில் கணவரின் அத்தை வீட்டில் தங்கினோம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்து அங்கேயே ஊன்றிய குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. மித்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்களாக பாந்த்ரா குர்லா வளாகம் தெரிகிறது. அதற்குள்தான் தூதரகம். "இவ்ளோ கிட்டத்துல இருந்தும் நான் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் போனதில்ல, தாயி" என்றார் அத்தை. மறுநாள் கைரேகையும் புகைப்படமும் கொடுத்துவிட்டு மாட்டுங்காவுக்குப் போய் இட்லி சாப்பிட்டோம். காபி நம்மூர் காபியேதான். கணவர் இரண்டாவது டம்ளர் வாங்கினார். அவருக்குப் பதற்றம் வந்தால் காபி வேண்டும்.

அன்றிரவு காகிதங்களைக் கடைசியாக அடுக்கினோம். பிறப்புச் சான்று, திருமணச் சான்று, பாஸ்போர்ட் அலுவலகத்தில் வாங்கிய பி.சி.சி. என்ற போலீஸ் சான்று, நர்சிங் கவுன்சில் பதிவு, மருத்துவமனை புதிதாக அனுப்பிய வேலைக் கடிதம். வெளிநாட்டு நர்ஸின் படிப்பையும் உரிமத்தையும் சரிபார்த்துத் தரும் விசா ஸ்கிரீன் சான்றிதழ் ஐந்து வருடம்தான் செல்லும் என்பதால் அதைப் புதுப்பித்து வைத்திருந்தேன். என் பிறப்புச் சான்றில் முதலில் பெயரே இல்லை, 'பெண் குழந்தை' என்றுதான் இருந்தது. பெயரைச் சேர்க்க ஊருக்கு மூன்று தடவை அலைந்தேன். அப்புறம் இந்த இனிஷியல். ஒரு சான்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால், பாஸ்போர்ட்டில் விரித்து எழுதி. இதைப் படிக்கிற நர்ஸ் பிள்ளைகள் யாராவது இருந்தால் சொல்கிறேன்: தேதி திறக்கட்டும் என்று காத்திருக்காமல் பெயர்களை இன்றைக்கே சரிசெய்யத் தொடங்குங்கள்.

மகள் தன் கையால் ஒரு தாளில் கணக்கு எழுதினாள். பிறந்த தேதி, மனு போட்ட தேதி, அனுமதி வந்த தேதி, எண் திறந்த தேதி, கழித்து வருகிற வயது. மூன்று பிரதி எடுத்து ஃபைலின் முன்னால் வைத்தாள்.

தூதரகத்துக்குள் போன், பை எதுவும் கொண்டுபோக முடியாது. எல்லாவற்றையும் அத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு, குடை பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் ஒரு மலையாள நர்ஸ். 2022இல்தான் அவருக்கு மனு போட்டார்களாம். அதெப்படி இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டேன். கணவர் குவைத்தில் பிறந்தவர் என்றார். வரிசை பாஸ்போர்ட்டைப் பார்ப்பதில்லை, பிறந்த நாட்டைத்தான் பார்க்கிறது. கணவன் மனைவியில் ஒருவர் வேறு நாட்டில் பிறந்திருந்தால் அந்த நாட்டு வரிசையில் இருவரும் நிற்கலாம். அவர் மேல் எனக்குப் பொறாமை வரவில்லை. மூன்று வயதுக் குழந்தை அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. சின்னப் பிள்ளையோடு போகும் வாய்ப்பைத்தான் நான் இழந்திருந்தேன்.

பாதுகாப்புச் சோதனை, டோக்கன், முதல் ஜன்னலில் காகிதம் வாங்குதல். அங்கிருந்த பெண் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார், அசலையும் நகலையும் ஒப்பிட்டார். மகளின் பாஸ்போர்ட்டைப் புரட்டியதும் நிமிர்ந்து பார்த்தார். கணக்குத் தாளை நீட்டினேன். வாங்கிச் சேர்த்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பு.

அதிகாரி இளைஞர். வலது கையைத் தூக்கி, சொல்வதெல்லாம் உண்மை என்று உறுதி சொல்லச் சொன்னார். எந்த மருத்துவமனை, எந்த வார்டு, எத்தனை வருட அனுபவம், முன்னால் அமெரிக்கா போயிருக்கிறீர்களா. வார்டு அனுபவம் பற்றிக் கேட்டதும் என் குரல் தன்னாலேயே சீரானது. டயாலிசிஸ் பிரிவில் பதினாறு வருடம். அதைப் பற்றி எந்த மொழியில் கேட்டாலும் சொல்வேன். கணவரிடம் திருமணம் எப்போது என்று மட்டும் கேட்டார். மகளிடம், "கல்யாணம் ஆகிவிட்டதா?" "இல்லை." ஆகியிருந்தால் அவளுக்கு விசா கிடையாது. சொந்தத்தில் வந்த இரண்டு வரன்களை நாங்கள் ஏன் தள்ளிப்போட்டோம் என்று யாருக்கும் விளக்கவில்லை.

பிறகு அவர் திரையைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். கால்குலேட்டரை எடுத்தார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. மகள் என் சேலை முந்தானையைப் பிடித்திருந்தாள், பள்ளிக்கூட வாசலில் பிடிப்பது மாதிரி. திரும்பி வந்த அதிகாரி கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அவளைப் பார்த்து, "உன் கணக்கு சரி" என்றார். மூன்று பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொண்டார். மொத்தமே பத்து நிமிடம் இருக்கலாம்.

வெளியே மழை விட்டிருந்தது. கணவர் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை, பசித்தது.

அத்தை வீட்டுக்கு வந்து போனை எடுத்ததும் முதலில் தோழியைக் கூப்பிடத் தோன்றியது, கூப்பிடக் கை வரவில்லை. அவளுக்கும் விசா கிடைத்துவிட்டது, மே மாதமே. மகனை விட்டுப் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்காமல் இருக்கிறாள். மருத்துவப் பரிசோதனை முடிந்து ஆறு மாதத்துக்குள் உள்ளே போயாக வேண்டும். எங்கள் மூவருக்கும் நவம்பர்வரை நேரம். அவளுக்கு இன்னும் குறைவு.

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவளே கூப்பிட்டாள். எடுத்ததும், "பாப்பாவுக்குக் கிடைச்சிருச்சா?" என்றுதான் கேட்டாள். கிடைத்துவிட்டது என்றேன். பின்னால் திரும்பி, "டேய், அவளுக்குக் கிடைச்சிருச்சுடா" என்று மகனிடம் சத்தமாகச் சொன்னாள். அவன் போனை வாங்கி, "ஆன்ட்டி, அவகிட்ட குடுங்க" என்றான். இரண்டு பேரும் வெகுநேரம் பேசினார்கள். நான் சமையலறைக்குப் போய் அத்தைக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தேன்.