ஸ்கிப்பரீனிலிருந்து பரங்கிமலைக்கு வந்த எள்ளுத்தாத்தா: தேடல் இதுவரை

என் தாய்மாமாவின் எள்ளுத்தாத்தா அயர்லாந்தின் கார்க் மாவட்டத்திலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து, பரங்கிமலையில் தலைமையிடம் கொண்டிருந்த மெட்ராஸ் பீரங்கிப் படைக்கு வந்தவர். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் இத்தகைய கதை புதிதல்ல. ஆனால், எந்த ஊர், எந்தப் பங்கு (தேவாலய வட்டாரம்), யார் பிள்ளை என்று கேட்டால் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் விடை தெரியாது. பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் அவரைப் பற்றிக் கிடைத்ததெல்லாம் ஒரே வரிதான்: 1847இல் சேர்ந்தார், வயது 19, கூலித் தொழிலாளி, ஊர் ஸ்கிப்பரீன். மெட்ராஸில் நடந்த அவரது திருமணப் பதிவு தந்தையின் பெயரை ஜெரமையா என்று சொல்கிறது. குடும்பப் பெயர் ட்ரிஸ்கால். ஸ்கிப்பரீன் வட்டாரத்தில் அந்தப் பெயரோடு ஒருவரைத் தேடுவது எளிதன்று, ஏனெனில் அந்தக் கடற்கரை முழுவதுமே ஒரு காலத்தில் ஓ'ட்ரிஸ்கால் குலத்தின் ஆட்சியில் இருந்தது.

ஐரிஷ் ஆவணங்கள் எல்லாம் 1922இல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத் தீயில் அழிந்துவிட்டன என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது பாதி உண்மைதான். 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் பெரும்பகுதியும், புராட்டஸ்டன்ட் பிரிவான அயர்லாந்து திருச்சபையின் பதிவேடுகளில் பாதிக்கு மேலும் அந்தத் தீயில் போயின. கத்தோலிக்கப் பதிவேடுகளோ அந்தந்தப் பங்குகளிலேயே இருந்ததால் தப்பின. பிற்பாடு அயர்லாந்து தேசிய நூலகம் அவற்றை நுண்படமாக்கி, 2015 முதல் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. அரசின் பிறப்புப் பதிவு 1864இல்தான் தொடங்கியது என்பதால் எங்களுக்கு வேறு வழியும் இல்லை.

ஸ்கிப்பரீன் பங்கின் ஞானஸ்நானப் பதிவேடு 1814இலும், அதற்கு மேற்கேயுள்ள அஹடவுன் பங்கின் பதிவேடு 1822இலும் தொடங்குகின்றன. படைக்கு ஆள் எடுத்த எழுத்தர் 'ஸ்கிப்பரீன்' என்று எழுதியது பக்கத்திலுள்ள சந்தை நகரத்தைத்தானே தவிர ஊரை அல்ல என்று எடுத்துக்கொண்டு இரண்டையும் வாசித்தேன். மை வெளிறி, ஓரங்கள் கறுத்து, பங்குத்தந்தையின் கையெழுத்து மாறும் இடமெல்லாம் புதிதாக எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியிருந்த பக்கங்கள் அவை. ஒவ்வொரு வரியிலும் தேதி, குழந்தையின் பெயர், தந்தையின் பெயர், தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர், ஞானப்பெற்றோர் இருவர், சில இடங்களில் மட்டும் குடியிருந்த சிற்றூர் ஆகியவை இருக்கும். ஒரே ஆள் ஓரிடத்தில் ஜெரமையா, இன்னோரிடத்தில் டார்பி என்று வருவது கார்க் உள்ளிட்ட தெற்கு அயர்லாந்தின் மன்ஸ்டர் பகுதியில் சாதாரணம் என்பதால் இரண்டு பெயர்களையும் சேர்த்தே தேடினேன்.

கடைசியில் மிஞ்சியவை இரண்டு குழந்தைகள். ஒன்று 1826இல் அஹடவுனில் ஜெரமையாவுக்கும் ஹொனோரா ரீகனுக்கும் பிறந்தது. மற்றொன்று 1828இல் ஸ்கிப்பரீனில் இன்னொரு ஜெரமையாவுக்கும் மேரி டொனவனுக்கும் பிறந்தது. படைப் பதிவின் வயது இரண்டாவது குழந்தைக்குத்தான் அச்சாகப் பொருந்துகிறது. ஆயினும் எழுதப்படிக்கத் தெரியாதவர்கள் வயதைக் குத்துமதிப்பாகச் சொன்ன காலத்தில், அதுவும் அயர்லாந்தின் பெரும்பஞ்சத்தின் நடுவே சோற்றுக்காகப் படையில் சேர்ந்த ஒருவர் சொன்ன வயதை, இரண்டு வருட வித்தியாசத்துக்காகப் பெரிதாக எடுத்துக்கொள்வது சரியில்லை என்பது என் எண்ணம்.

டி.என்.ஏ. பரிசோதனைக்கு என்னைவிட, லண்டனில் இருக்கும் மாமாவே பொருத்தமானவர். அவர் ஒரு தலைமுறை மேலே இருக்கிறார். ஆண்வழியிலும் நேராக வருகிறார். (ஆங்கிலோ இந்தியர் யார் என்பதை நம் அரசியலமைப்பின் 366ஆவது பிரிவு தந்தைவழியை வைத்தே வரையறுக்கிறது, ஒய் குரோமோசோமும் அதே வழியில்தான் இறங்குகிறது.) ஒய் பரிசோதனையில் சி.டி.எஸ்.4466 என்ற ஆண்வழிக் கிளை வந்தது. தெற்கு மன்ஸ்டரில் அது அடர்த்தியாக உள்ளதால் கார்க்கோடு ஒத்துப்போகிறது, அவ்வளவே. இரண்டு ஜெரமையாக்களும் பங்காளிகளாக இருந்தால் இருவரின் ஒய் குரோமோசோமும் ஒன்றாகவே இருக்கும். அதை வைத்து அவர்களைப் பிரிக்க முடியாது.

பிரிக்கக்கூடியது அந்தக் குழந்தைகளின் தாய்வழிதான். எல்லா முன்னோர் வழிகளையும் சேர்த்துப் பார்க்கும் மாமாவின் சாதாரணப் பரிசோதனையில் 8 முதல் 15 சென்டிமார்கன் (இருவர் பகிரும் டி.என்.ஏ.வின் அளவு) வரையிலான சிறு பொருத்தங்கள் மேற்குக் கார்க் முழுவதிலிருந்தும் குவிந்தன. தீவுகளிலும் முனைகளிலும் தலைமுறை தலைமுறையாகத் தமக்குள்ளேயே கொண்டு கொடுத்த மக்கள் என்பதால், அவற்றை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று ஒதுக்கிவிட்டேன். மேலே நின்றவற்றில் 41 சென்டிமார்கன் கொண்ட ஒருவர் பாஸ்டன் பக்கத்தில் இருக்கிறார். அவருடைய முன்னோரான ஒரு பெண்ணின் மாசசூசெட்ஸ் இறப்புப் பதிவில் பெற்றோர் பெயர் ஜெரமையா ட்ரிஸ்கால், ஹொனோரா ரீகன் என்றே உள்ளது. இது மட்டும் இருந்தால், பங்காளி உறவு வழியாக வந்த பொருத்தம் என்று யாரும் வாதாடலாம். ஆனால், நியூ சவுத் வேல்ஸில் 22 சென்டிமார்கன் பகிரும் இன்னொருவரின் வம்சாவளியில் ட்ரிஸ்கால் என்ற பெயரே இல்லை. அது அஹடவுன் பங்கின் ஒரு ரீகன் குடும்பத்தில் போய் முடிகிறது. 1826 ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவரும் அதே சிற்றூரைச் சேர்ந்த ஒரு ரீகன். பதிவேடு வாசிப்பவர்கள் பெற்றோர் பெயரைக் குறித்துக்கொண்டு ஞானப்பெற்றோரை விட்டுவிடுகிறார்கள். குழந்தையின் தாய்மாமன் நிற்கும் இடம் பெரும்பாலும் அதுதான்.

இதற்கு வலுச் சேர்ப்பது பரங்கிமலைப் பதிவில் இருக்கிறது. ஐரிஷ் வழக்கப்படி முதல் மகனுக்குத் தந்தையின் தந்தை பெயரையும், இரண்டாம் மகளுக்குத் தந்தையின் தாய் பெயரையும் இடுவார்கள். எங்கள் எள்ளுத்தாத்தாவின் முதல் மகன் ஜெரமையா; இரண்டாம் மகள் ஹொனோரா. மெட்ராஸிலேயே பிறந்து வளர்ந்த மனைவிக்கு அந்தப் பெயர் தானாக வந்திருக்க வாய்ப்பில்லை.

அந்தப் பெற்றோருக்குப் பின்னர் என்ன ஆயிற்று என்பது தெரியவில்லை. 1850களின் தொடக்கத்தில் அங்கு எடுக்கப்பட்ட கிரிஃபித் நிலமதிப்பீட்டில் அந்தச் சிற்றூரில் ரீகன்கள் இருக்கிறார்கள், ஜெரமையா இல்லை. கத்தோலிக்கப் பதிவேடுகளில் அடக்கம் அநேகமாக எழுதப்படுவதில்லை; பஞ்சத்தில் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில் ஸ்கிப்பரீனை அடுத்த அபேஸ்ட்ரூரி கல்லறைக் குழிகளில் பெயரின்றிப் புதைக்கப்பட்டார்கள். அந்தப் பக்கம் மேற்கொண்டு தேட எனக்கு வழி தெரியவில்லை.

இப்போது 1828ஆம் ஆண்டுக் குழந்தையின் குடும்பவழியில் வந்த ஒருவர் பரிசோதனைக்குச் சம்மதித்திருக்கிறார். அவருக்கும் மாமாவுக்கும் பொருத்தம் வராமல் போனால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய மாட்டேன், ஏனெனில் ஐந்து தலைமுறைக்கு மேலேயுள்ள ஒரே தம்பதியின் வழிவந்தவர்களிலும் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் பொருத்தம் தெரிவதில்லை. பொருத்தம் நாற்பது சென்டிமார்கனைத் தாண்டி வந்து, அதில் டொனவன் பக்கத்து உறவினர்களும் சேர்ந்து தென்பட்டால், அஹடவுன் முடிவை மறுபடி பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.